ரோட்டர்டாம் பக்கம், சங்கரன்கோவில் தூரம்

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. ஒரே நாளில் இரண்டு படங்கள் வந்தன. மாரி செல்வராஜின் ‘வாழை’, பள்ளிக்கூட லீவில் வாழைத்தார் சுமக்கப் போகும் பிள்ளைகளின் கதை. பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’, வாய் திறக்காமல் கிடக்கும் ஒரு பெண்ணைப் பேய் பிடித்தவள் என்று முடிவுகட்டி, ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப் போகும் ஒரு குடும்பத்தின் கதை. ‘வாழை’ எங்கள் பக்கம் நன்றாகவே ஓடியது. ‘கொட்டுக்காளி’யைப் பார்க்க நான் சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். படம் நூறு நிமிடம். போன நேரமும் வந்த நேரமும் சேர்த்தால் அதைப் போல் இரண்டு மடங்கு ஆகியிருக்கும்.

அரங்கில் எண்ணிப் பதினான்கு பேர். கடைசிக் காட்சியில் திரை கறுத்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “என்ன அண்ணாச்சி, கரண்டு போயிட்டா?” எல்லோரும் சிரித்துவிட்டோம். திரும்பி வரும் வழி நெடுக எனக்கு அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

ரசனை கெட்ட கேள்வி என்று அதைத் தள்ளிவிடலாம். பட்டணத்து நண்பர்கள் சிலர் அப்படித்தான் தள்ளினார்கள். இன்னொரு பக்கம், இந்த மாதிரிப் படத்தைத் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது, விழாக்களில் காட்டிவிட்டு ஓடிடிக்குக் கொடுத்திருக்கலாம் என்று திரைத்துறைக்குள்ளேயே பேச்சு எழுந்தது. சண்டை போட்டுக்கொள்ளும் இந்த இரண்டு தரப்புக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: இந்தப் படங்களுக்கும் சங்கரன்கோவில் மாதிரி ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பது. எனக்கு அங்கேதான் வழக்கு. கடந்த ஏழெட்டு வருடத்துத் தமிழ்ச் சுயாதீனப் படங்களை விடாமல் துரத்திப் பார்த்துவந்ததில் எனக்குப் பட்டது இது. படத்துக்கும் ஊருக்கும் நடுவில் உள்ள தூரம், படப்பெட்டி வந்து சேராத தூரம் மட்டும் இல்லை. அது படத்தின் உடம்புக்குள்ளேயே புகுந்துவிட்டது. தன்னை முதலில் பார்க்கப்போவது யார் என்று ஒரு படம் நினைத்திருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அதில் வரும் ஆட்கள் எவ்வளவு பேசுவார்கள், எவ்வளவு நேரம் நடப்பார்கள், சிரிப்பார்களா மாட்டார்களா என்பதெல்லாம் முடிவாகிறது.

மண் எங்களுடையது என்பதில் தகராறு இல்லை. ஹரிஹரனின் ‘ஏழாவது மனிதன்’ (1982) நெல்லைச் சீமையில் சிமெண்ட் ஆலைப் புகையை எதிர்த்து நிற்கும் படம். தயாரித்தவர் பாளை என். சண்முகம், பாட்டுகள் பாரதியாருடையவை, ரகுவரன் என்றொரு நடிகன் நமக்குக் கிடைத்ததும் அதில்தான். தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளைப் பற்றி எழுத்தாளர் பூமணி தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காக எடுத்த ‘கருவேலம்பூக்கள்’ 1990களில் வந்தது. விடியுமுன் வேன் வந்து பிள்ளைகளை அள்ளிப்போகும் கோவில்பட்டிப் பக்கத்துக் காலைகளைப் பார்த்தவர்களுக்கு அது படமாகவே தெரியாது. கி. ராஜநாராயணனின் ‘கிடை’யை அம்ஷன் குமார் ‘ஒருத்தி’ (2003) ஆக்கினார். ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதை சசியின் கையில் ‘பூ’ (2008) ஆனது. கரிசல் எழுத்தை எடுத்துவிட்டால் தமிழ் மாற்று சினிமாவின் பாதி வேர் போய்விடும் என்று நான் சொன்னால் அது ஊர்ப்பாசம் என்பார்கள். கொஞ்சம் ஊர்ப்பாசமும்தான்.

அந்தக் காலத்திலும் இவை எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வரவில்லை. ஆனால் வேறு வழிகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்கள். பாதி மொழி புரியாது; பாஷை தெரியாமலே ஆடும் மாடும் மனுஷரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு கிடப்போம். திருநெல்வேலியில் ஆர்.ஆர். சீனிவாசன் நடத்திய ‘காஞ்சனை’ திரைப்பட இயக்கம் இருந்தது. 1999 ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் தடியடிக்குத் தப்ப ஆற்றில் இறங்கிய பதினேழு பேர் செத்ததை ‘நதியின் மரணம்’ என்று ஆவணப்படமாக எடுத்தவரும் அவர்தான். அப்புறம் ஆனந்த விகடனில் செழியன் எழுதிய ‘உலக சினிமா’. எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ பேர் அதைப் படித்துவிட்டு டிவிடி தேடி அலைந்தார்கள். முற்போக்கு எழுத்தாளர் கலைஞர் சங்கமான தமுஎகசவின் கிளைகள் பள்ளிக்கூட ஹாலிலும் கல்யாண மண்டபத்திலும் வேட்டியைக் கட்டித் திரையாக்கி ‘பை சைக்கிள் தீவ்ஸ்’ போட்டன.

அந்தச் செழியன் எடுத்த ‘டூலெட்’, 2017 கடைசியில் கொல்கத்தா விழாவில் திரையிடப்பட்டது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில். வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’ 2021-இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையாகவும் போனது. நம் கைக்கு எட்டியது 2023 அக்டோபர் கடைசியில், அதுவும் சோனி லிவ்வில். லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’ 2019-இல் பூசான் விழாவுக்குப் போய், 2021-இல் இணையத்தில் வந்தது. கணக்குப் பார்த்தால் கடல் கடந்து போகச் சில மாதம். அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் வந்து சேர ஒன்றேகாலிலிருந்து இரண்டேமுக்கால் வருடம்.

‘கூழாங்கல்’ பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். குடிகார அப்பன் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியைக் கூப்பிடப் போகிறான். அங்கே வாய்ச்சண்டை கைச்சண்டை ஆகிறது. திரும்ப வரக் காசில்லை. பஸ்ஸுக்கு இருந்த நோட்டைப் பையனே கிழித்துப் போட்டுவிட்டான். பதின்மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடை. உடன்பிறந்தவள் ஒருத்திக்கு நேர்ந்த நடையிலிருந்துதான் கதை பிறந்தது என்று வினோத்ராஜ் சொல்லியிருக்கிறார். எழுபத்தைந்து நிமிடப் படத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வறுமையோ வெயிலோ இல்லை, அந்தப் பையனின் தந்திரம். அப்பனின் கோபத்துக்கும் தனக்கும் நடுவே எத்தனை அடி இடைவெளி விட்டு நடக்க வேண்டும் என்பது அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். கேமரா அந்த இடைவெளியை அளந்துகொண்டே போகிறது. தாகத்துக்கு வாயில் ஒதுக்கிய கல்லை வீட்டுக்கு வந்ததும் மாடக்குழியில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே கற்கள் கிடக்கின்றன. எத்தனை நடை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் இந்தப் பத்தாண்டில் எடுக்கப்பட்ட சிறந்த காட்சி எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) அதற்கு அடுத்தபடி. ஏலக்காய் மூட்டை சுமந்து காணி நிலத்துக்கு ஏங்கிய ரங்கசாமி, கடைசியில் தன் கைவிட்டுப்போன அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறான். கேமரா மேலே மேலே போகிறது, அவன் புள்ளியாகிறான். தேவர்குளம், கயத்தாறு பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது உருவகமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே தினமும் சுற்றிக்கொண்டிருக்கும் சங்கதி. அந்தப் படத்தில் ஆட்கள் ஓயாமல் பேசுகிறார்கள், கேலி செய்கிறார்கள், சங்கம் கட்டுகிறார்கள். அதனால்தான் அது எங்கள் ஆட்களுக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

மற்றதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ‘டூலெட்’ பாலு மகேந்திராவின் ‘வீடு’ வழியில் வந்த பிள்ளை. குழந்தை கிறுக்கிய சுவரை விட்டுப்போக மனசில்லாத இடம் அபாரம், வீட்டுக்காரம்மா மட்டும் ஒரே சுருதியில் வைக்கப்பட்ட வில்லி. இயக்குநர் தமிழ் எடுத்த ‘சேத்துமான்’ (பெருமாள்முருகனின் ‘வறுகறி’) பன்றிக்கறிக் கூறு போடும் சண்டையில் சாதியின் முழு இலக்கணத்தையும் காட்டிவிடுகிறது. அருண் கார்த்திக்கின் ‘நசீர்’, திலீப்குமாரின் சிறுகதையிலிருந்து எடுத்தது. கோயம்புத்தூர் ஜவுளிக்கடைச் சிப்பந்தியின் ஒரே ஒரு நாள். இரவில் அவனைக் கும்பல் சூழும் கடைசி நிமிடங்களைவிட, காலையில் அவன் கடையில் தூசு தட்டும் பொறுமைதான் எனக்கு அச்சம் தந்தது. வர்ஷா பரத்தின் ‘பேட் கேர்ள்’ (2025) சென்னைப் பெண்ணின் கதை. அது எழுப்பிய கூச்சலில் பாதிகூட அது சொன்னதற்காக இல்லை, ஒரு டீசருக்காக.

‘மாடத்தி’யில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கண்ணில் படுவதே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண் எப்படிச் சாமியானாள் என்பது கதை. எங்கள் பக்கத்துச் சிறுதெய்வங்களில் பாதிப்பேரின் வரலாறு இதுதான்: கொன்றவர்களே கும்பிட ஆரம்பித்த கதை. கோபம் உண்மையானது. ஆனால் காடும் அருவியும் அந்தப் பெண்ணைவிட அழகாக இருக்க முயன்றுகொண்டே இருக்கின்றன. யாரோ தூரத்திலிருந்து வந்தவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது போல.

இங்கேதான் நான் சொல்லவந்த விஷயம். விழாவுக்குப் போகும் தமிழ்ப் படத்துக்கு ஒரு நடை பழகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் கேமரா, நீண்ட நடை, பின்னணி இசை இல்லை, பேச்சு சிக்கனம், திறந்த முடிவு. தனித்தனியே ஒவ்வொன்றும் நல்ல தேர்வுதான். சேர்ந்து வரும்போது அது ஒரு சீருடை. அதிலும் அந்தப் பேச்சுச் சிக்கனம் எங்கள் பக்கத்துக்குப் பெரிய பொய். கரிசல்காட்டு மனுஷர் வாய்மூடி இருப்பாரா? கி.ரா.வின் எழுத்தே பேச்சால் கட்டியது. எழவு வீட்டில்கூட ஒருத்தர் நையாண்டி பண்ணுவார். வசவிலேயே முப்பது வகை உண்டு. வட்டார வழக்கின் நையாண்டி சப்டைட்டிலில் ஏறாது. மௌனம் எந்த மொழிக்கும் ஏறும். எனவே மௌனம் பெருகுகிறது. இதை இயக்குநர்கள் திட்டம் போட்டுச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. வண்டி எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊருக்குத் தக்க சரக்கு ஏறும், அவ்வளவுதான்.

தலைக்கூத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையான கிழடுகளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பிவைக்கும் அந்த வழக்கம் தென்மாவட்டங்களில் பேசப்படாத சொல். ஆனால் தெரியாத சொல் இல்லை. அதை வைத்து அடுத்தடுத்து மூன்று படங்கள் வந்தன. பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ தேசிய விருது வாங்கியது. ஆவணப்பட நேர்மையோடு குற்றத்தை விசாரித்தது. ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘தலைக்கூத்தல்’ (2023) படுத்துக் கிடக்கும் கிழவரின் பழைய காதலுக்குள் போனது. மதுமிதாவின் ‘கே.டி. என்கிற கருப்புதுரை’ (2019) மட்டும் கிழவரை எழுப்பி ஓடவிட்டது. மு. ராமசாமி, சாவிலிருந்து தப்பி, ஒரு பொடியனோடு சேர்ந்து பிரியாணி தின்னக் கிளம்புகிறார். விமர்சகர்கள் முதல் படத்தைத்தான் உயரத்தில் வைப்பார்கள். நான் மூன்றாவதின் பக்கம். எங்கள் தெருவில் அந்தப் படத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்த ஒரு ஆச்சி, சிரிப்பு அடங்கியதும் ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். ‘பாரம்’ பார்த்தவர்கள் யாரோ ஒரு குடும்பத்தைக் குற்றம் சொன்னார்கள். இவர் தன் வீட்டை நினைத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது.

‘கொட்டுக்காளி’ இந்த விஷயத்தில் சுவாரசியமான இடத்தில் நிற்கிறது. வினோத்ராஜ் தன் முதல் படத்தின் சிக்கனத்தை அப்படியே தொடர்ந்திருக்கலாம். பதிலாக, பேசாத ஒரே ஒருத்தியைச் சுற்றிப் பேசித் தீர்க்கும் ஒரு கூட்டத்தை ஏற்றினார். தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கத்தும் சூரி. ஆட்டோவுக்குள் பெண்களின் முணுமுணுப்பு. வழியை மறிக்கும் காளையைப் பெரிய மீசைகள் எல்லாம் பார்த்து நிற்க, ஒரு சின்னப்பெண் வந்து கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போவது. அந்தக் காட்சிக்குத் திருநெல்வேலியில் இருந்த பதினான்கு பேரும் கைதட்டினோம். கரண்டு போச்சா என்று கேட்டவரும்தான். முடிவுதான் அவரை ஏமாற்றியது. அவர் படத்தோடு ஒட்டி வந்ததால்தான் ஏமாந்தார். தூங்கியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

பொறுமை இல்லாத ஜனம் என்று எங்களைச் சொல்வது வேடிக்கை. ஆடித்தபசுக்கு ஊருக்கு வந்து பாருங்கள். கோமதியம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காக லட்சம் பேர் மத்தியானத்திலிருந்து தெருவில் நிற்பார்கள். நடுவில் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காத அந்த நேரத்தைத்தான் திருவிழா என்கிறோம். கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்பவர்களுக்குத் தொண்ணூறு நிமிடப் படம் மெதுவாகப் போகிறது என்றால், மெதுவாகப் போவது குறையில்லை. வில்லுப்பாட்டுக்காரர் நடுநடுவே நம்மைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவார். படம் பேசுவதில்லை.

இனிக் காசுக் கணக்கு. சின்னப் படம் ஒன்று எங்கள் மாதிரி ஊரின் திரையைத் தொட, முதலில் டிஜிட்டல் ஒளிபரப்புக் கட்டணம் கட்ட வேண்டும். பெரிய படத்துக்கும் சின்னப் படத்துக்கும் அந்தச் சுமை ஒரே மாதிரித் தோன்றினாலும் வலி ஒரே மாதிரி இல்லை. 2018 மார்ச்சில் தயாரிப்பாளர்கள் புதுப்பட வெளியீட்டையே ஒன்றரை மாதத்துக்கு மேல் நிறுத்திவைத்தது இந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான். அது போக, வெள்ளிக்கிழமை காலைக் காட்சி மட்டும் கிடைக்கும். விசைத்தறிக்காரர் தறியில் இருப்பார். பூ மார்க்கெட்டுக்காரர் பிச்சியும் மல்லியும் நிறுத்துக்கொண்டிருப்பார். ஞாயிறு சாயங்காலம் அவர்கள் சாவகாசமாக வரும்போது படம் எடுக்கப்பட்டிருக்கும். கூட்டம் வரவில்லை என்று கணக்கு எழுதுவார்கள். கொரோனா சமயத்தில் ஓடிடிக்காரர்கள் கை தாராளமாக இருந்தது. ‘மண்டேலா’ கூட 2021-இல் டிவியிலும் நெட்ஃபிளிக்ஸிலும்தான் நேராக வந்தது. இப்போது தியேட்டரில் என்ன வசூல் என்று கேட்டுவிட்டுத்தான் அவர்களும் விலை பேசுகிறார்கள். முட்டை முதலா கோழி முதலா என்று சின்னப் படம் நடுரோட்டில் நிற்கிறது. வெற்றிமாறன் போன்றவரே தயாரிப்பு நிறுவனத்தை மூடப்போவதாக 2025-இல் அறிவித்தார் என்றால் மற்றவர்கள் கதையைச் சொல்ல வேண்டாம்.

தென்காசி தாண்டி ஆரியங்காவு வழியாக இறங்கினால் வேறு நாடு. கேரளத்தில் அரசே கைரளி, ஸ்ரீ, நிளா என்று தியேட்டர் வைத்திருக்கிறது; 2024 மார்ச்சில் ‘சிஸ்பேஸ்’ என்று சொந்த ஓடிடியும் தொடங்கியது. டிசம்பர் திருவனந்தபுரம் விழாவுக்கு எங்கள் பக்கத்திலிருந்தும் நாலைந்து பேர் வருடா வருடம் போவோம். அங்கே வரிசையில் நிற்கும் ஆட்டோ ஓட்டுநரைப் பற்றி நம்மவர்கள் புல்லரித்து எழுதுவார்கள். எனக்குப் புல்லரிப்பைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம். கான் விழாவில் கிராண்ட் பிரீ வாங்கிய பாயல் கபாடியாவின் படம் 2024 செப்டம்பரில் இந்தியாவில் முதலில் வெளியானது கேரளத்தில். அங்குள்ள சிறிய படங்களுக்குச் சிரிக்கத் தெரிவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. ‘பெமினிச்சி பாத்திமா’வில் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு வேண்டியது ஒரு மெத்தை, அவ்வளவுதான். அந்த இயக்குநருக்குத் தன் பார்வையாளர் பக்கத்துத் தெருவில் இருப்பது தெரியும்.

நாமும் ஒரு காலத்தில் அப்படி யோசித்தவர்கள்தான். ஜெயபாரதி ‘குடிசை’யை (1979) பலரிடம் சிறு தொகையாகத் திரட்டி எடுத்தார். தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம்தான் மலையாளத்துக்குப் போய், ஒடேசா என்று குழு சேர்த்து, ஊர் ஊராகக் காசு பிரித்து ‘அம்மா அறியான்’ (1986) எடுத்தார். எடுத்ததை ஊர் ஊராகத் தூக்கிப் போய்க் காட்டினார். தமிழ் ஸ்டுடியோ அருண் போன்றவர்கள் சென்னையில் செய்துவரும் வேலை பெரிது. ஆனால் பொதிகை ரயிலில் ஒரு ராத்திரி உட்கார்ந்து போனால்தான் எட்டும் இடம் அது.

கடைசியாகப் பார்த்தது ‘அங்கம்மாள்’. பெருமாள்முருகனின் ‘கோடித்துணி’யை விபின் ராதாகிருஷ்ணன் என்ற மலையாளி கொங்கு நாட்டிலிருந்து பெயர்த்து, களக்காட்டுப் பக்கம் பத்மநேரியில் நட்டிருக்கிறார். ரவிக்கை போடாத அம்மா, படித்துவிட்டு வந்த மகனின் கண்ணுக்கு முதல்முறையாக அசிங்கமாகத் தெரிகிறாள். கீதா கைலாசம் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு பேசுகிறார், பேசுகிறார், அவ்வளவு பேசுகிறார். 2024 மும்பை விழாவிலிருந்து 2025 கடைசியில் தியேட்டருக்கு வர ஒரு வருடம்தான் எடுத்தது. முன்னேற்றம்தான்.

‘கூழாங்கல்’ ஓடிடிக்கு வந்த சமயம் அதை வீட்டுச் சுவரில் போட்டோம். நண்பர் ஒருவரின் புரொஜெக்டர். தறிக்கூடத்தில் வேலை முடிந்து வந்த ஏழெட்டுப் பேர், அக்கம்பக்கத்துப் பெண்கள். கடைசிக் காட்சியில் பெண்கள் ஒரு ஊற்றுக்குழியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி குழிக்குள் இறங்கி, ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோரிக் குடத்தில் ஊற்றிக்கொண்டே இருப்பாள். நீண்ட ஷாட். விழாக்களில் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மதினி ஒருத்தி பக்கத்தில் இருந்த மகளிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

“அவசரப்பட்டு அள்ளப்பிடாதுட்டீ. கலங்கிப் போவும். ஊறட்டும்னு இருக்கா பாரு.”